ஒளிக்கும் மின்னுக்கும் ஒரே வழி

ஒளியைத் தன்னூடே செல்லவிடும் பொருள் மின்சாரத்தைத் தடுக்கும்; மின்சாரத்தைச் செல்லவிடும் பொருள் ஒளியை மறிக்கும். முன்னதற்குக் கண்ணாடியும் பின்னதற்குச் செம்புத் தகடும் சான்றாகும். இயற்கையில் பெரும்பாலும் காணப்படுவது இந்நிலையே. ஆயின், கைத்தொலைபேசியின் திரைக்கு இவ்விரு குணங்களும் ஒருங்கே வேண்டும். விரல் தொட்ட இடத்தை அறிதற்குத் திரையின்மீது மின்சாரம் பரவியிருத்தல் வேண்டும்; அடியிலுள்ள எழுத்துக் கண்ணுக்குப் புலனாதற்கு ஒளி தடையின்றி வெளிவருதல் வேண்டும். இவ்விரு பணிகளையும் ஆற்றும் மெல்லிய படலமே ஒளிபுகு மின்வாய் எனப்படும். மடக்கவும் சுருட்டவும் தக்க திரைகள் தோன்றியபின், வளைந்தாலும் வெடியாமை என்னும் மூன்றாம் குணமும் அதனிடம் எதிர்பார்க்கப்படுகின்றது.

உலோகத்துள் கட்டின்றித் திரியும் எலெக்ட்ரான்கள் மிகப் பல. மின்சாரத்தைச் சுமப்பனவும் அவையே. மேலே விழும் ஒளியைத் திருப்பி அனுப்புவனவும் அவையே. ஆகவே, அத்தகைய எலெக்ட்ரான்கள் உலோகத்தினும் குறைவாகவும் கண்ணாடியினும் மிகுதியாகவும் அமைந்த இடைநிலைப் பொருள்களையே அறிஞர் நாடினர். 1907ஆம் ஆண்டில் ஜெர்மனி நாட்டுக் கார்ல் பேடக்கர், காட்மியம் ஆக்சைடின் மென்படலத்தில் இவ்விரு குணங்களும் சேர்ந்திருத்தலைக் கண்டார். இன்று பெரிதும் வழங்கும் கலவையில் பத்தில் ஒன்பது பங்கு இண்டியம் ஆக்சைடு. எஞ்சிய ஒரு பங்கு, மலாயாவின் கிந்தாப் பள்ளத்தாக்கைப் புகழ்பெறச் செய்த வெள்ளீயத்தின் ஆக்சைடு. இண்டிய அணுவின் இடத்தில் வெள்ளீய அணு அமரும்போது ஓர் எலெக்ட்ரான் மிஞ்சுகின்றது. அம்மிச்சமே மின்சாரத்தைச் சுமக்கின்றது.

இப்படலத்தை ஆக்கும் முறை வருமாறு: காற்று நீக்கிய கலத்தினுள் இக்கலவையின் கட்டியை வைத்து, மின்னேற்றம் பெற்ற ஆர்கன் வாயு அணுக்களை அதன்மேல் மோதவிடுவர். மோதலால் தெறிக்கும் அணுக்கள் எதிரேயுள்ள கண்ணாடியிற் படியும். படலத்தின் கனம் ஏறத்தாழ 100 முதல் 200 நானோமீட்டர். ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கியதில் ஒரு கூறு. பின்னர் 200 பாகை சென்டிகிரேடுக்கு மேல் சூடேற்ற, அணுக்கள் ஒழுங்குற அமைந்து மின்தடை குறையும்.

கண்ணாடிக்கு ஏற்ற இம்முறை பிளாஸ்டிக் தாளுக்கு ஒவ்வவில்லை. சாதாரணத் தாள் அவ்வெப்பத்தில் நெளிந்துவிடும். வெப்பத்தைக் குறைத்தாலோ மின்தடை மிகும். மேலும், ஆக்சைடு மட்பாண்டத்தின் இனத்தது. நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு நீட்டினாலே வற்றிய குளத்துச் சேறுபோல் பாளம் பாளமாக வெடிக்கும். வெடித்த இடத்தில் மின்சாரத்தின் வழி அறும். இண்டியமும் எளிதிற் கிடைப்பதன்று. பெரும்பாலும் துத்தநாகத் தாதுவைச் சுத்திகரிக்கும்போது உடன்கிடைப்பதாதலின், தேவை மிகுந்த அளவுக்கு அதனை உடனே பெருக்க இயலாது.

இந்நிலையில் பழைய உலோகமாகிய வெள்ளியே கைகொடுத்தது. ஈர்க்குமாறு அவிழ்ந்து தரையிற் சிதறினால், ஈர்க்குகள் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும். ஈர்க்கை விட்டு இறங்காமலே ஓர் எறும்பு இக்கோடியிலிருந்து அக்கோடிக்குச் செல்லலாம். எனினும் தரையின் பெரும்பகுதி வெறுமையாகவே இருக்கும். எறும்பின் இடத்தில் மின்சாரத்தையும், வெறுந்தரையின் இடத்தில் ஒளி செல்லும் வழியையும் வைத்துப் பார்த்தால் புதிய முறை விளங்கும். ஈர்க்கு நீளமாகவும் மெல்லியதாகவும் இருக்குந்தோறும் குறைந்த பொருளே போதும். ஒளிக்கும் இடம் மிகும்.

அத்தகைய வெள்ளிக் கம்பிகளைச் சூடான எத்திலீன் கிளைக்காலில் வெள்ளி நைட்ரேட்டைக் கொண்டு வளர்க்கும் முறையை, 2002ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யூனான் சியா குழுவினர் வெளியிட்டனர். உடன் சேர்க்கும் ஒரு பலபடிப் பொருள் கம்பியின் பக்கங்களைப் பற்றிக்கொள்வதால், வளர்ச்சி நுனிகளிலேயே நிகழ்கின்றது. தலைமயிரின் கனத்தில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கே உள்ள இக்கம்பிகளை மையாகக் கலக்கி, ஓடும் பிளாஸ்டிக் சுருளின்மேல் பூசி உலர்த்துவர். வெற்றிடக் கலம் வேண்டுவதில்லை. கம்பிகள் ஒன்றையொன்று தொடும் சந்திகளில் மின்தடை மிகுதியாதலின், சூட்டாலோ அழுத்தத்தாலோ அவற்றை ஒட்டவைப்பர். இவ்வலை ஒளியில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கை விடுகின்றது. தாளை மடக்கினாலும் எளிதில் அறுவதில்லை.

குறைகளும் உள. கம்பிகள் ஒளியைச் சிதறடிப்பதால் திரை சற்றே மங்கலாகத் தோன்றும். காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களால் வெள்ளிக் கொலுசு கறுப்பது யாவரும் அறிந்ததே. கொலுசைத் துலக்கி அணியலாம், இம்மெல்லிய கம்பியோ அரிக்கப்பட்டு அறும். அதனால் மேலே காப்புப் பூச்சு இடுகின்றனர். கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய உலோகக் கோடுகளை வலைபோல் அமைத்தலும், மின்கடத்தும் பிளாஸ்டிக்கைப் பூசுதலும், ஓரணுக் கனமுள்ள கரிப்படலமாகிய கிராஃபீனைப் பரப்புதலும் பிற வழிகளாகும். பணிக்கேற்ற வழி தேரப்படுகின்றது.

வெள்ளி இன்றும் ஒளியை மறிக்கும் உலோகமே. அதன் குணம் மாறவில்லை. தகடாய் இருந்தபோது தடையாய் நின்ற அது, வலையானபோது வழிவிட்டது. பொருளின் குணத்தை மாற்ற இயலாத இடத்தும், அதன் அமைப்பை மாற்றிப் பயன்கொள்ளலாம் என்பதை இம்மெல்லிய படலம் தெளிவுறக் காட்டுகின்றது.