பசித்தால்தான் மருந்து தரும் பாக்டீரியா: உணவு எப்படி மரபணுவை இயக்குகிறது?

ஒரு பாக்டீரியாவுக்கு வயிறு நிறைய குளுக்கோஸும் பாஸ்பேட்டும் கொடுத்தால் என்ன ஆகும்? நன்றாக வளரும், பெருகும். ஆனால் நமக்கு வேண்டிய ஆன்டிபயாடிக்கை மட்டும் பெரும்பாலும் செய்யாது. சாப்பாடு தீரத் தொடங்கும்போதுதான் மருந்து வெளியே வரும். கேட்க விநோதமா இருக்கும். ஆனால் மருந்து ஆலையின் செலவுக் கணக்கும், புது மருந்துக்கான தேடலும் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான் ஓடுகின்றன.

பிம்ப்ரி மண்ணில் கிடைத்தது

பென்சிலினை இந்தியாவிலேயே தயாரிப்பதற்காக, உலக சுகாதார நிறுவனம், யுனிசெஃப் உதவியோடு புனே அருகே பிம்ப்ரியில் 1954-ல் தொடங்கப்பட்ட அரசு நிறுவனம் ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ். அதன் ஆய்வுப் பிரிவின் தலைவராக இருந்தவர் பூஞ்சையியல் அறிஞர் எம்.ஜே.திருமலாச்சார். அவரது குழு மண்ணிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பாக்டீரியாவுக்கு ஊரின் பெயரையே வைத்தது: ஸ்ட்ரெப்டோமைசிஸ் பிம்ப்ரினா. அது சுரந்த பூஞ்சை எதிர்ப்பு மருந்துக்கு, நிறுவனத்தின் முதலெழுத்துகளைச் சேர்த்து ஹாமைசின் என்று பெயர். ஆண்டு 1961.

மருந்து கிடைத்துவிட்டது. அதைச் செய்யும் மரபணுக்கள் எப்போது விழிக்கும், எப்போது தூங்கும்? இதற்கான அடிப்படை விடை அதே 1961-ல் பாரிஸிலிருந்து வந்தது. ஈ.கோலை பாக்டீரியாவில் லாக்டோஸைச் செரிக்கும் மரபணுக்களுக்கு ஒரு 'ஸ்விட்ச்' உண்டு என்று பிரான்சுவா ஜாக்கப்பும் ஜாக் மோனோவும் காட்டினார்கள். குளுக்கோஸ், லாக்டோஸ் இரண்டையும் சேர்த்து வைத்தால் ஈ.கோலை முதலில் குளுக்கோஸைத்தான் காலி செய்யும். அதுவரை லாக்டோஸ் மரபணுக்கள் அடங்கியே கிடக்கும். சுலபமாகக் கிடைக்கும் சாப்பாடு இருக்கும்போது மற்ற வேலைக்கு எதற்குச் செலவழிக்கணும் என்ற கணக்கு.

ஆன்டிபயாடிக் விஷயத்திலும் இதே சிக்கனம்தான். ஸ்ட்ரெப்டோமைசிஸ் கிரிசியஸ் என்ற பாக்டீரியா கேண்டிசிடின் என்ற மருந்தைச் செய்கிறது. ஹாமைசினும் கேண்டிசிடினும் ஒரே வேதிக் குடும்பம். குவான் மார்ட்டின், அர்னால்ட் டெமைன் ஆகியோர் 1970-களில் செய்த ஆய்வுகளில், பாஸ்பேட் கூடினால் கேண்டிசிடின் உற்பத்தி நின்றுபோவது தெரிந்தது. அந்த மருந்தின் முதல் கல்லைச் செய்யும் என்சைமின் மரபணுவே பாஸ்பேட்டால் அடக்கப்படுகிறது என்பது பின்னர் புரிந்தது. செல்லின் சவ்வில் இருக்கும் போ-ஆர் என்ற புரதம் பாஸ்பேட் குறைவதை உணர்ந்து, போ-பி என்ற இன்னொரு புரதத்துக்குச் சேதி சொல்லும். போ-பி போய் டிஎன்ஏ-வில் உட்காரும். எந்த மரபணு ஓட வேண்டும், எது நிற்க வேண்டும் என்பது அங்கே முடிவாகும்.

ஏன் பசியில்?

கர்நாடக எல்லையில் இருக்கும் கோபிநத்தம் என்றதும் நமக்கு வீரப்பன்தான் ஞாபகம் வருவார். அந்தப் பக்கத்து இலையுதிர் காட்டின் தரையை யோசித்துப் பாருங்கள். காய்ந்த சருகில் கார்பன் ஏராளம். நைட்ரஜனும் பாஸ்பரஸும் கொஞ்சம்தான். ஸ்ட்ரெப்டோமைசிஸ் வாழ்வது இப்படிப்பட்ட மண்ணில்தான். முதல் மழைக்குக் கிளம்பும் மண்வாசனைக்குக் காரணமான ஜியோஸ்மினைச் செய்வதும் இந்த வகையறாதான்.

இது பூஞ்சை மாதிரி நூல் நூலாகப் படரும். உணவு தீர்ந்தால் இடம் மாற முடியாது. அதனால் தன் பழைய இழைகளையே சிதைத்து, அதில் கிடைப்பதை வைத்து வித்துகளை உண்டாக்கும். சிதையும் உடம்பு அக்கம்பக்கத்துக் கிருமிகளுக்கு விருந்தாச்சே? அந்தப் பந்தியில் வேறு யாரும் கை வைக்காமல் இருக்கப் போடும் காவல்தான் ஆன்டிபயாடிக் என்பது பல ஆய்வாளர்களின் கணிப்பு.

2008-ல் நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகக் குழுவும் மற்றவர்களும் இதற்கு வலுவான ஆதாரம் தந்தார்கள். செல் சுவர் உடையும்போது என்-அசிட்டைல்குளுக்கோசமைன் என்ற சர்க்கரை வெளிவரும். சத்து நிறைந்த சூழலில் அதே சர்க்கரை ஆன்டிபயாடிக்கைத் தடுக்கிறது. சத்து குறைந்த சூழலில் தூண்டிவிடுகிறது. நடுவில் நிற்கும் காவலாளி, டாஸ்ஆர் என்ற புரதம். ஒரே மூலக்கூறு, இடத்தைப் பொறுத்து இரண்டு அர்த்தம்!

ஆலையில் இதற்கு என்ன விலை?

பென்சிலின் செய்வது பாக்டீரியா அல்ல, பூஞ்சை. ஆனால் இந்தப் பாடத்தை உலகம் முதலில் அங்கேதான் படித்தது. 1941-ல் அமெரிக்காவின் பியோரியா ஆய்வகத்தில் மக்காச்சோளம் ஊறிய நீரைச் சேர்த்தபோது விளைச்சல் பல மடங்கு கூடியது. குளுக்கோஸுக்குப் பதில், மெதுவாகச் செரிக்கும் லாக்டோஸைக் கொடுத்ததும் உதவியது. இன்று ஆலைகள் குளுக்கோஸையே பயன்படுத்துகின்றன. ஆனால் ஒரேயடியாகக் கொட்டாமல், டிரிப்ஸ் போல சொட்டுச் சொட்டாக விடுகின்றன. கொஞ்சம் கூடினால் மருந்து நின்றுவிடும். ரொம்பக் குறைந்தால் உயிரே வளராது.

பென்சிலின் ஜி-க்கு இந்தியா பல ஆண்டுகள் சீனாவையே நம்பியிருந்தது. அதை இங்கேயே மீண்டும் செய்ய, 2020-ல் மத்திய அரசு உற்பத்தி ஊக்கத்தொகைத் திட்டத்தில் அதைச் சேர்த்தது. காக்கிநாடாவில் ஆலை வந்தது. உள்ளே போகும் சர்க்கரையின் விலை, கிருமி அதை எவ்வளவு மருந்தாக மாற்றுகிறது, இந்த இரண்டிலும் சீன ஆலைகளோடு மோத வேண்டும். மானியம் மட்டும் போட்டு ஜெயிக்கிற ஆட்டம் இல்லை இது.

தூங்கும் மரபணுக்கள்

மருந்துக்கு அடங்காத பாக்டீரியா தொற்றுகளால் 2019-ல் மட்டும் உலகில் நேரடியாக சுமார் 12.7 லட்சம் பேர் இறந்ததாக 'தி லான்செட்' இதழில் வெளியான மதிப்பீடு சொல்கிறது. புது மருந்துகள் அவசரமாக வேண்டும். ஸ்ட்ரெப்டோமைசிஸ் சீலிகலரின் மரபணுத் தொகுப்பை 2002-ல் முழுசாகப் படித்தபோது, இத்தகைய சேர்மங்களைச் செய்யக்கூடிய மரபணுக் கூட்டங்கள் 20-க்கும் மேல் இருந்தன. அதுவரை அதனிடம் கண்டறிந்த ஆன்டிபயாடிக்குகளோ விரல்விட்டு எண்ணக்கூடியவை. மற்றவை ஆய்வகத்தின் கொழுத்த சாப்பாட்டில் எழுந்திருக்கவே இல்லை.

ஜெர்மனியின் ஆக்செல் சீக் குழு அதே 2002-ல் இதற்கு ஒரு எளிய வழியைப் பிரபலமாக்கியது: ஒரே கிருமி, பல சேர்மங்கள். அதே கிருமியை எடுத்து, சர்க்கரையை மாற்று, உப்பை மாற்று, காற்றைக் குறை, ஒவ்வொரு முறையும் என்ன சுரக்கிறது என்று பார். பெரிய மரபணு மாற்றம் எதுவும் தேவையில்லை. பழைய ஆய்வகங்களின் குளிர்பதனப் பெட்டிகளில் பல பத்தாண்டுகளாகக் கிடக்கும் மண் பாக்டீரியாக்களையும் இப்படி வேறு சாப்பாடு போட்டு மறுபடி சோதிக்கலாம்.