"நியூஸன்ஸ்"

ஆங்கிலம் அறியாதாரும் நம் ஊர்களில் தாராளமாய் வழங்கும் ஆங்கிலச் சொற்களுள் "நியூஸன்ஸ்" ஒன்று. வாசலில் தேங்கிய சாக்கடையும் நியூஸன்ஸ். நடுநிசியில் கூச்சலிடுவோனும் நியூஸன்ஸ். அதிகாரிகளுக்குப் பிடியாத பொதுக்கூட்டமும் நியூஸன்ஸே! இம்மூன்றும் ஒரே சொல்லுக்குள் அடங்கியது எங்ஙனம்?

லத்தீன் பாஷையில் "நொகேரே" என்றால் தீங்கு செய்தல். அது பிரெஞ்சு பாஷையில் திரிந்து, 15-ஆம் நூற்றாண்டில் "நியூஸன்ஸ்" என்னும் உருவில் ஆங்கிலத்திற் புகுந்தது. அக்காலத்தில் அதற்குக் கெடுதி, சேதம் என்பதே பொருள். நாளடைவில் வலுக் குன்றி, வெறுந் தொந்தரவையும் மனச்சலிப்பையும் குறிக்கலாயிற்று.

பேச்சிலே சொல் தேய்வது உலக இயல்பு. சட்டத்திலே சொல் தேய்ந்தால் ஜனங்களின் சுதந்திரமும் உடன் தேயும். 1860-ஆம் வருஷத்து இந்தியன் பீனல் கோடு, பொது நியூஸன்ஸுக்கு இலக்கணம் வகுக்கையில், தீங்கு, அபாயம், தொந்தரவு ஆகியவற்றை ஒரே வரிசையில் நிறுத்திற்று. 1898-ஆம் வருஷத்துக் கிரிமினல் நடைமுறைச் சட்டத்தின் 144-வது பிரிவோ, நியூஸன்ஸையும் அபாயத்தையும் தடுப்பதன் பேரால், அவசர உத்தரவு பிறப்பிக்கும் அதிகாரத்தை மாஜிஸ்டிரேட்டுகளுக்கு அளித்தது.

அவ்வதிகாரம் பயன்பட்ட விதத்தைப் பாருங்கள். 1917 ஏப்ரலில், பீஹாரிலுள்ள சம்பாரண் ஜில்லாவின் அவுரிக் குடியானவர்களுடைய குறைகளை விசாரிக்கச் சென்றார் காந்தியடிகள். ஜில்லாவை விட்டு வெளியேறுமாறு 144-வது பிரிவின்கீழ் அவருக்கு உத்தரவு வந்தது. அவர் மறுத்தார், 18-ந் தேதி மோத்திஹாரிக் கோர்ட்டில் உத்தரவை மீறியதை ஒப்புக்கொண்டார். சில தினங்களில் சர்க்காரே வழக்கை வாபஸ் வாங்கிற்று. குறை கேட்கச் சென்றவரால் எவருக்கு என்ன தீங்கு விளைந்தது? தோட்ட முதலாளிகளுக்கும் அதிகாரவர்க்கத்துக்கும் சஞ்சலம் உண்டாயிற்று, அவ்வளவே.

விந்தை என்னவெனில், நிரபராதி என்று பொருள்படும் "இன்னொஸென்ட்" என்னும் சொல்லும் அதே லத்தீன் வேரிற் பிறந்தது. தீங்கு செய்யாதவன் என்பதே அதன் மூலப்பொருள். ஆக, ஒருவன் நியூஸன்ஸா, நிரபராதியா என்பதை அளக்கும் கோல் ஒன்றே: அவனால் தீங்கு விளைந்ததா, இல்லையா?

2024 ஜூலை முதல் பழைய சட்டங்கள் நீங்கிப் புதியவை அமுலில் உள்ளன. 144-வது பிரிவின் இடத்தில் 163-வது பிரிவு நிற்கிறது. எண் மாறியும் நியூஸன்ஸ் மாத்திரம் அதிலே குடியிருக்கிறது. ஆதலால், தடையுத்தரவைக் கையில் வாங்கும் தேசாபிமானிகள் அச்சொல்லின் வேரை மறவாதிருப்பார்களாக. "ஐயா, எம்மால் உமக்குச் சலிப்பு உண்டாகலாம், ஜனங்களுக்கு விளைந்த தீங்கு யாது?" என்று கேட்பது அவர்களது உரிமை, விடையளிப்பது ஆள்வோர் கடன்.