பொதுப் பந்தியும் பொதுப் பணமும்: திருப்பத்தூர் கிறிஸ்துகுல ஆசிரமத்தை முன்வைத்து

எருசலேமின் முதல் கிறித்தவர்கள் உடைமைகளை விற்று, கிடைத்த பணத்தைப் பொதுவில் வைத்து, அவரவர் தேவைக்கேற்பப் பகிர்ந்து வாழ்ந்ததாக விவிலியத்தின் அப்போஸ்தலர் பணிகள் நூல் கூறுகிறது. பிற்காலக் கிறித்தவக் கூட்டுவாழ்வு முயற்சிகள் பெரும்பாலும் இச்சித்திரத்தையே முன்மாதிரியாகக் கொண்டன. அதே நூல் அடுத்துக் கூறும் இரு செய்திகள் அந்த அளவிற்குக் கவனம் பெறுவதில்லை. ஐந்தாம் அதிகாரத்தில், நிலம் விற்ற பணத்தில் ஒரு பகுதியை மறைத்த அனனியா, சப்பீரா தம்பதியரின் கதை இடம்பெறுகிறது. ஆறாம் அதிகாரத்தில், அன்றாட உணவுப் பகிர்வில் கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் புறக்கணிக்கப்படுவதாக முறையீடு எழுகிறது. முன்னது பணம் பற்றியது. பின்னது பந்தி பற்றியது. தமிழகச் சீர்திருத்தச் சபைகளின் வரலாற்றில் இவை முறை மாறி எழுந்தன. பந்திச் சிக்கலே முதலில் வந்தது.

பந்தி

1834இல் தொடங்கப்பட்ட அமெரிக்கன் மதுரை மிஷனின் பணிக்களத்தில், இன்று தேனி மாவட்டத்தில் உள்ள பெரியகுளமும் கம்பம் பள்ளத்தாக்கும் பின்னர் அடங்கின. சாதியைத் துறந்ததற்கு அடையாளமாக அனைவரும் ஒன்றாக அமர்ந்து உண்ண வேண்டும் என 1847இல் அம்மிஷன் வலியுறுத்தியது. மறுத்தோர் பலர் சபை உறவிலிருந்து விலக்கப்பட்டனர். ஆயினும் அந்நாளைய மிஷன் பணியாளர் அனைவரும் ஒரே பணப்பையைப் பகிர்ந்தவர் அல்லர். அமெரிக்க மிஷனரியின் ஊதியத்தைப் பாஸ்டன் நகரத்துச் சங்கம் முடிவு செய்தது; உபதேசியாருக்கு அதனினும் மிகக் குறைந்த மாதச் சம்பளம். பந்தியில் சமத்துவத்தை வற்புறுத்திய அமைப்பு, சம்பளப் பட்டியலில் அதனைக் கருதவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

பணம்

இவ்விரண்டையும் ஒருங்கே எதிர்கொண்ட முயற்சி, 1921இல் அன்றைய வடஆர்க்காடு மாவட்டத் திருப்பத்தூரில் தோன்றிய கிறிஸ்துகுல ஆசிரமம். மருத்துவர்களான சவரிராயன் ஏசுதாசனும் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த எர்னஸ்ட் ஃபாரெஸ்டர் பேட்டனும் அதனை நிறுவினர். இருவரும் முறையே பெரியண்ணன், சின்னண்ணன் என்று அழைக்கப்பட்டனர். வெள்ளையர் ஆட்சிக் காலத்தில் தமிழர் மூத்தவராகவும் ஐரோப்பியர் இளையவராகவும் அமைந்த இம்முறைப்பெயர்கள் வெறும் அன்புச் சொற்களாக மட்டும் இருந்திருக்க இயலாது. மணத்துறவு, கதராடை, மரக்கறி உணவு, ஒரே பந்தி, ஊதியமின்றி ஊராருக்கு மருத்துவப் பணி என்பன அங்கு வாழ்முறையாயின. திராவிடக் கட்டடக் கலைமரபில் எழுப்பப்பட்ட ஜெபாலயம் இன்றும் அதன் அடையாளமாக உள்ளது.

‘குலம்’, ‘அண்ணன்’ ஆகிய சொற்கள் கூட்டுக்குடும்பத்தை நினைவூட்டுவன. கூட்டுக்குடும்பத்திலும் வருவாய் ஓரிடத்தில் சேர்கிறது, மூத்தவர் செலவிடுகிறார். ஆனால் அங்கே பங்குரிமை பிறப்பால் வருகிறது. மனம் ஒவ்வாதவர் பாகப்பிரிவினை கோரலாம். பொதுப்பணத்தை நிலையாக ஏற்ற துறவுச் சமூகத்தில் இவ்வழி இல்லை. விலகுபவர் பங்கு கேட்க இயலாது. மணத்துறவால் வாரிசும் இல்லை. எனவே மணத்துறவை ஆன்மிக ஒழுக்கமாக மட்டும் காண்பது போதாது. பொதுச்சொத்து சிதறாமல் காக்கும் பொருளாதார ஏற்பாடாகவும் அது செயற்படுகிறது.

எனினும் பணம் தான் வந்த வழியை எளிதில் மறப்பதில்லை. பேட்டன், அலோவா நகரில் கம்பளி நூல் ஆலை நடத்திய செல்வக் குடும்பத்தவர். (ஆலை நூலால் வளர்ந்த குடும்பத்தின் பிள்ளை கைநூல் கதரை உடுத்தியது தனி வரலாறு. 1932இல் சென்னையில் அந்நியத்துணி மறியலின்போது அவர் காவலரால் தாக்கப்பட்டதும், அது பிரிட்டிஷ் நாடாளுமன்றம் வரை எட்டியதும் அதன் தொடர்ச்சியே.) ஆசிரமத்தின் தொடக்ககாலச் செலவுகளுக்கு அவருடைய சொந்தப் பொருள் பெரிதும் துணைநின்றது. நெல்லைச் சீமையில் ஏமி கார்மைக்கேல் 1901 முதல் நடத்திய டோனாவூர் இல்லம், எவரிடமும் பணம் கேட்பதில்லை என்ற நெறியைக் கொண்டிருந்தது. திருப்பத்தூரின் நிலை அதனின்று வேறுபட்டது: இங்கே கொடுத்தவர் வெளியில் இல்லை, பந்தியிலேயே அமர்ந்திருந்தார். அவர் இளையவரின் இடத்தை ஏற்றதால் கொடையின் அதிகாரம் தணிந்தது என்று கொள்ளலாம். அது முற்றிலும் மறைந்தது என்று கொள்வதற்கில்லை.

ஆய்வாளர் பெரும்பாலும் தவறவிடும் இடம் இதற்கு அடுத்தது. செல்வர் துறந்தது கண்ணுக்குத் தெரிகிறது. கொண்டுவர ஏதுமின்றிச் சேரும் இளைஞர் துறப்பது தெரிவதில்லை. கடன்பட்டுப் படிக்கவைத்த ஒரு குடும்பம், மகனின் முதல் சம்பளத்தை எதிர்நோக்கி இருக்கும். தங்கையின் திருமணமும் பெற்றோரின் முதுமையும் அச்சம்பளத்தையே நம்பியிருக்கும். அவர் பொதுப்பணத்தில் இடுவது தம் கையிலுள்ள பொருளன்று. வீட்டார் ஏற்கெனவே எண்ணிவைத்த எதிர்கால வருவாய். ஒரே பந்தியில் ஒரே சோறு உண்ட இருவருள் ஒருவரின் துறவுக்கு அவருடைய குடும்பமும் விலை கொடுத்தது. ஆசிரமத்தின் வரவேட்டில் அதற்கென ஒரு பத்தி இருக்க வாய்ப்பில்லை.