சி.டி. இல்லையா? ஃபார்மட்டுக்கு அவசரம் இல்லை

எம்.ரெட்டியபட்டி பக்கம் கணினி மக்கர் பண்ணினால் அருப்புக்கோட்டைக்குத் தூக்கிக்கொண்டு போவதுதான் வழக்கம். கடையில் முதல் கேள்வி, "ஓ.எஸ். சி.டி. இருக்கா?" இருக்காது. அடுத்து, "அப்ப ஃபார்மட் அடிச்சிருவோம்ணே." பயிர்க் காப்பீட்டுக்குப் பதியும் கடைசி வாரத்தில் இப்படி ஆனால், பொதுச் சேவை மையம் வைத்திருப்பவருக்கு இரண்டு நாள் பிழைப்பு போச்சு. பெரும்பாலும் அந்த ஃபார்மட் தேவையே இல்லை.

எக்ஸ்பி காலத்தில் சி.டி. இல்லாமல் சிரமம்தான். ஒரு சிறு கோப்பு கெட்டாலும் 'சி.டி.யைப் போடு' என்று நின்றுவிடும். அதனால் சி.டி.யில் உள்ள ஐ386 என்ற ஃபோல்டரை முன்கூட்டியே சி டிரைவில் போட்டு வைப்பார்கள், விவரமான மெக்கானிக்குகள். 2007இல் வந்த விஸ்டாவிலிருந்து அந்த வேலையை விண்டோஸே செய்துகொள்கிறது. வின்எஸ்எக்ஸ்எஸ் என்ற ஃபோல்டரில் தன் பாகங்களுக்கெல்லாம் பிரதி வைத்திருக்கிறது. இடத்தை அடைக்கிறதே என்று அதில் கை வைத்துவிடாதீர்கள்.

விண்டோஸ் 10, 11இல் செய்யவேண்டியது இதுதான். ஸ்டார்ட் மெனுவில் கமாண்ட் பிராம்ப்டைத் தேடி, 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்துத் திறக்கவேண்டும். முதலில் 'டிஐஎஸ்எம் /ஆன்லைன் /கிளீன்அப்-இமேஜ் /ரெஸ்டோர்ஹெல்த்' என்று ஆங்கில எழுத்தில் அடித்து என்டர் தட்டுங்கள். ஒவ்வொரு சாய்கோட்டுக்கு முன்னும் இடைவெளி வேண்டும். பிரதிகள் கெட்டிருந்தால் மைக்ரோசாஃப்ட்டிடமிருந்தே இறக்கிச் சரிசெய்யும். மொபைல் ஹாட்ஸ்பாட் போதும். சில சமயம் 62 சதவீதத்தில் வெகுநேரம் நிற்கும். செத்துவிட்டது என்று அணைக்கவேண்டாம், நகரும். முடிந்ததும் 'எஸ்எஃப்சி /ஸ்கேன்நவ்'. இது கெட்ட கோப்புகளை எடுத்துவிட்டு நல்ல பிரதியை வைக்கும்.

'இன்ன டி.எல்.எல். காணவில்லை' என்று வந்தால் அந்தப் பெயரைத் தேடிக் கண்ட தளத்திலும் இறக்குவது வைரஸுக்கு வாசல் திறப்பது. எம்எஸ்விசிபி140 என்று தொடங்கினால், மைக்ரோசாஃப்ட் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் விசுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிளைப் போட்டாலே போதும்.

இதற்கும் மசியாவிட்டால் செட்டிங்ஸில் 'ரீசெட் திஸ் பிசி'. 'கீப் மை ஃபைல்ஸ்' கொடுத்தால் கோப்புகள் தங்கும், போட்ட மென்பொருள்கள் போய்விடும். 2020க்குப் பிந்தைய விண்டோஸ் 10இல் 'கிளவுட் டவுன்லோட்' உண்டு, 4 ஜி.பி.க்கு மேல் இழுக்கும், அன்றைய டேட்டா கோட்டாவைப் பார்த்துக்கொள்ளுங்கள். கணினி கிளம்பவே இல்லையா? வேறொரு கணினியில் மீடியா கிரியேஷன் டூலை இறக்கி, 8 ஜி.பி. பென் டிரைவில் விண்டோஸை ஏற்றிக்கொள்ளலாம். விண்டோஸ் 8 முதல், விண்டோஸோடு விற்ற மடிக்கணினிகளில் உரிம எண் மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். காசு கொடுத்து வாங்கிய உரிமம் உள்ளே இருக்க, திருட்டு 'ஆக்டிவேட்டர்' எதற்கு என்பது எனக்கு விளங்கியதே இல்லை.

2011 செப்டம்பர் 15 முதல் அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸும் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தன. கண்ணை மூடிக்கொண்டு ஃபார்மட் அடித்ததில் பாஸும் சேர்ந்து போன மடிக்கணினிகள் உண்டு.

கடைக்காரர் ஃபார்மட்தான் என்று அடம் பிடித்தால், சி டிரைவில் விண்டோஸுக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரை முதலில் பென் டிரைவில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். வானவில் எழுத்துருவில் அடித்த பழைய மனுக்கள், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகத்தான் தெரியும். பிரிண்டர், கைரேகைக் கருவி இரண்டுக்கும் டிரைவரையும் இறக்கி வைத்துக்கொண்டு, பிறகு கணினியைக் கொடுங்கள்.