ஒன்று மீதி

214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. இது ஒரு பகா எண். கணிதவியலாளர் ஆய்லர் 1772-லேயே, கம்ப்யூட்டர் ஏதுமின்றி, இதை உறுதி செய்துவிட்டார்.

46,340 வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். அதைவிடப் பெரிய காரணி இருந்தால் அதன் ஜோடி இந்த எல்லைக்குள் வந்தே தீரும். ஆனால் அங்கேயே நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பகா எண்கள் இருக்கின்றன. ஆய்லரின் சுமையைக் குறைத்தது அந்த எண்ணின் பிறப்புதான்: முப்பத்தொரு இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் அது கிடைக்கும். இப்படிப் பிறந்த எண்ணுக்கு ஒரு பகாக் காரணி இருந்தால், அதை 31-ஆல் வகுக்கும்போது மீதி 1 வந்தாக வேண்டும். மற்றவற்றைத் தொடவே வேண்டாம்.

சிறிய எண்ணில் பாருங்கள். பதினொரு இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் 2047. அது 23 × 89. இரண்டையும் 11-ஆல் வகுங்கள், மீதி 1.

இதே மீதியை வேறோர் இடத்தில் தேடியவர் நம் பக்கத்துக்காரர். 1901-இல் குற்றாலத்தை அடுத்த வல்லத்தில் பிறந்த எஸ். எஸ். பிள்ளை. 1986-இல் தூத்துக்குடி தனி மாவட்டமாகும்வரை வல்லமும் நம் சாயர்புரமும் ஒரே நெல்லை மாவட்டம். எந்த முழு எண்ணையும் அதிகபட்சம் 73 ஆறாம் அடுக்குகளின் கூட்டலாக எழுதலாம் என்று 1940-இல் நிறுவியவர் அவர். சாயர்புரத்துப் பள்ளிப் பிள்ளைகள் அவர் பெயரைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

ஒன்று முதல் ஓர் எண் வரை வரிசையாகப் பெருக்கி, ஒன்றைக் கூட்டுங்கள். வரும் விடையின் பகாக் காரணிகளை அந்த எண்ணால் வகுத்தால் எப்போதும் மீதி 1 தானா? இதுதான் பிள்ளை எழுப்பிய கேள்வி. 5 வரை பெருக்கினால் 120, ஒன்று கூட்டினால் 121, காரணி 11. 5-ஆல் வகுக்க மீதி 1. ஆறுக்கு 721, அதாவது 7 × 103. 6-ஆல் வகுக்க இரண்டிலும் மீதி 1. ஏழுக்கு 5041, அதாவது 71 × 71, அங்கேயும் 1.

எட்டில் உடைகிறது. 40,321 = 61 × 661. 61-ஐ எட்டால் வகுத்தால் மீதி 5. ஏழு வரை பார்த்துவிட்டு விதி என்று எழுதியிருந்தால் ஏமாந்திருப்போம். இப்படி விலகி நிற்கும் 23, 29, 59, 61 போன்றவற்றுக்கு இன்று 'பிள்ளை பகா எண்கள்' என்றே பெயர். அவை முடிவில்லாதவை என்பதும் நிறுவப்பட்டுள்ளது. பிள்ளை 1950 ஆகஸ்ட் 31 அன்று, அமெரிக்காவுக்குப் போகும் வழியில், கெய்ரோ அருகே விமான விபத்தில் இறந்தார். வயது 49.

ஆய்லர் கையாண்ட விதியோ உடையவில்லை. 2024 அக்டோபரில் கண்டறியப்பட்ட பகா எண் 13,62,79,841 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தது, 4,10,24,320 இலக்கங்கள். இத்தகைய எண்களைத் தேடுவோர் நீண்ட கணக்கில் இறங்குமுன் சிறு காரணிகளைச் சோதிப்பதும் அதே மீதி ஒன்றை வைத்துத்தான்.