மருந்து உள்ளே போகுமுன் கேட்கப்படும் கேள்வி

பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்குப் போகும் வழியில் திருப்பாலீஸ்வரர் கோயிலைக் கொண்டு விளங்கும் திருப்பாலைவனத்திலும், அதற்கப்பால் ஏரிக்கரையிலும் கடற்கரையிலுமாகப் பரந்து கிடக்கும் குப்பங்களிலும் வாழும் ஜனங்களுக்கு வியாதி முற்றிவிட்டதென்றால், பொன்னேரி அரசு மருத்துவமனையோ, அதற்கும் மிஞ்சியதாயின் திருவள்ளூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ சென்னை ஸ்டான்லியோதான் கதி. அங்கே கட்டிலில் சேர்க்கப்பட்டபின் வைத்தியர் அருகிருக்கும் நேரம் சொற்பம். செவிலியர் வந்து போகும் நேரமே அதிகம். மருந்தை எழுதுபவர் ஒருவர், எடுத்துக் கொடுப்பவர் ஒருவர் என்றாலும், அது தேகத்துக்குள் பிரவேசிக்குமுன் கடைசியாக அதைக் கையில் ஏந்துபவர் செவிலியரே. ஆகவே அந்தக் கடைசி நிமிஷத்தில் அவர் எதைக் கவனிக்கக் கடமைப்பட்டவர், நோயாளி எதைக் கேட்க உரிமை பெற்றவர், தவறு நேர்ந்தால் பரிகாரம் எங்கே என்பதையெல்லாம் நம் ஜனங்கள் தெளிவாக அறிந்திருப்பது மிகவும் அவசியம்.

சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்ற ஐந்தும் செவிலியர் கல்வியில் ஆரம்பத்திலேயே போதிக்கப்படுபவை. முதலாவதே நம் பக்கத்தில் எளிதன்று. ஒரே குலதெய்வத்தின் பெயரைப் பல வீடுகளில் வைத்திருக்கும் ஒரு குப்பத்திலிருந்து ஒரே பெயருடைய இருவர் ஒரே வார்டில் படுத்திருக்கக் கூடும். “நீங்கள் இன்னார்தானே?” என்று கேட்டால் ஜுரத்தில் மயங்கியிருப்பவர் எதற்கும் “உம்” என்றுதான் சொல்வார். நோயாளியையே பெயரையும் தகப்பனார் பெயரையும் சொல்லச் செய்து, கேஸ் ஷீட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே முறையாகும். தினமும் பார்க்கும் சிஸ்டர் தினமும் பெயர் கேட்கிறாரே என்று யாரும் சலித்துக்கொள்ள வேண்டாம். அப்படிக் கேட்கப்படுவது நோயாளியின் உரிமைகளுள் ஒன்று.

இருதய பலவீனத்துக்குத் தரப்படும் டிஜாக்ஸின் மாத்திரையைக் கொடுக்குமுன் ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்து ஒரு நிமிஷம் முழுவதும் துடிப்பை எண்ண வேண்டும். பெரியவருக்கு அது 60-க்குக் கீழே இறங்கியிருந்தால் மாத்திரையை நிறுத்தி வைத்துவிட்டு வைத்தியருக்குத் தெரிவிக்க வேண்டும். அட்டெனலால் போன்ற பிரஷர் மாத்திரைகளுக்கும் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் பார்த்த பிறகே கை நீள வேண்டும். நீர் பிரியக் கொடுக்கும் ஃபுரோஸமைடு உடலிலுள்ள பொட்டாசியத்தைக் குறைத்துவிடுவதால், அதையும் டிஜாக்ஸினையும் சேர்த்து உண்பவருக்குக் குமட்டலோ கண்ணில் மஞ்சள் தோற்றமோ கண்டால், அது டிஜாக்ஸின் விஷமாகத் திரும்புவதன் குறியாக இருக்கலாம். ரத்தம் உறையாதிருக்கத் தரும் வார்ஃபரின், ஹெபாரின் ஆகியவற்றில் ஈறுக் கசிவும் கரிய மலமும் எச்சரிக்கைகள். இவ்வாறு ஆராய்ந்து ஒரு வேளை மருந்தை நிறுத்திவைக்கும் செவிலியரிடம், “எங்கள் ஆளுக்கு மருந்தே கொடுக்கவில்லை” என்று உறவினர் சண்டைக்குப் போவதும் நடப்பதுண்டு. கொடுக்காமல் நிறுத்தியதும் சிகிச்சையே என்பதை நாம் உணர வேண்டும். ஏன் நிறுத்தினார், வைத்தியருக்குத் தெரிவித்தாயிற்றா என்று கேட்பது நியாயம், கூச்சலிடுவது நியாயமன்று.

நீரிழிவு நம் குப்பங்களில் தனி விபரீதத்தைக் கொண்டு வருகிறது. விடியுமுன் வலையெடுத்துப் போகிறவர், கிளிமிபிரைடு வகை சுகர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஆகாரமின்றிப் படகேறினால், நடுநீரில் வியர்த்து, கை நடுங்கி, நினைவு தடுமாறும் நிலை வரலாம். சர்க்கரையோ கடலை மிட்டாயோ மடியில் இருக்க வேண்டியது இதற்காகத்தான். மருத்துவமனையிலும் விதி ஒன்றே: சுகர் அளவைப் பார்த்து, சாப்பாடு வந்துவிட்டதென்று நிச்சயித்த பின்னரே இன்சுலின். இன்னொரு சூட்சுமமும் உண்டு. நம் நாட்டில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் மில்லிலிட்டருக்கு 40 யூனிட். பேனாவில் வருவது 100 யூனிட். 40-க்கு உரிய, சிவப்பு மூடியுள்ள சிரிஞ்சில் 100 யூனிட் மருந்தை ஏற்றினால், உத்தேசித்ததைப் போல் இரண்டரை மடங்கு உடலுக்குள் போய்விடும். வீட்டில் ஊசி போட்டுக்கொள்ளும்படி டிஸ்சார்ஜ் செய்யப்படுகிறவர், எந்தக் குப்பிக்கு எந்த சிரிஞ்சு என்பதைச் செவிலியர் கையாலேயே காட்டச் சொல்லிக் கற்றுக்கொண்டுதான் கிளம்ப வேண்டும்.

வலையிழுத்த உடம்பு வலிக்கு “ஒரு ஊசி போட்டுவிடுங்கள்” என்று கேட்பது நம்மிடையே சர்வசாதாரணம். அதற்குப் பொதுவாகப் போடப்படும் டைக்ளோஃபினாக், வெயிலில் நாளெல்லாம் நீரற்று வறண்டிருக்கும் உடலில் சிறுநீரகத்தைக் கெடுக்கவல்லது. எனலாப்ரில் போன்ற பிரஷர் மாத்திரையும் நீர் பிரிக்கும் மாத்திரையும் உண்பவருக்கு அபாயம் பன்மடங்கு. வயிற்றுப் புண்ணோ ஆஸ்துமாவோ உள்ளவருக்கும் ஆகாது. இவற்றையெல்லாம் விசாரியாமல் ஊசியை எடுக்கும் இடம் எதுவாயினும் அங்கிருந்து எழுந்து வந்துவிடுவதே நலம்.

கடற்பாம்புக் கடி வேறு விதம். வலையில் சிக்கிய பாம்பு கடித்தால் ஆரம்பத்தில் வலி அதிகமில்லாதிருந்து, பிற்பாடு தசைகளில் வலியும், பழுப்பு நிறச் சிறுநீரும், மூச்சுத் தளர்ச்சியும் வரும். நம் மருத்துவமனைகளிலுள்ள விஷமுறிவு மருந்தோ நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கே தயாரிக்கப்படுவது. ஆகையால் கடித்தது கடலிலா தரையிலா என்று வந்தவுடன் சொல்லியாக வேண்டும்; கடற்பாம்பானால் மூச்சையும் சிறுநீரகத்தையும் காப்பதே பிரதான சிகிச்சை. தரைப்பாம்புக்கு அம்மருந்தை ஏற்றும்போது தடிப்பு, குளிர், மூச்சுத் திணறல் எனும் ஒவ்வாமை நேரக்கூடுமாதலால், அட்ரினலினைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு செவிலியர் அருகிலேயே கண்காணிக்க வேண்டும்.

நோயாளி தரப்பிலும் கடமையுண்டு. வீட்டுக்கே வந்து சுகர், பிரஷர் மாத்திரை தரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்டில் தொடங்கியது முதல் பல வீடுகளில் மாத்திரை இருப்பில் இருக்கிறது. ஆனால் அட்டையை வெட்டிக் காகித உறையில் போட்டுவிட்டால், அது என்ன மாத்திரையென்று மருத்துவமனையில் எவருக்கும் தெரியாது. அதே மருந்தை இரட்டிப்பாகக் கொடுத்துவிடவும் கூடும். முழு அட்டையையும் சீட்டையும் கொண்டு போகவேண்டும். பென்சிலின் ஆகாதென்றால் ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டும். மருந்தால் விளைந்த தீங்கென்று சந்தேகித்தால் பாட்டிலையோ அட்டையையோ எறியலாகாது. 2025-இல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ‘கோல்ட்ரிஃப்’ இருமல் மருந்தில் டைஎத்திலீன் கிளைக்கால் எனும் நஞ்சு கலந்திருந்ததும், மத்தியப் பிரதேசத்துக் குழந்தைகள் மாண்டதும் நம் காதில் விழுந்தனவே. அத்தகைய விசாரணைகளில் தொகுதி எண் அச்சிட்ட அந்தப் பாட்டிலே சாட்சி.

பக்க விளைவை எந்த நோயாளியும் 1800-180-3024 என்ற இலவச எண்ணில், இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கு நேரே தெரிவிக்கலாம். பணச் செலவில்லை, வைத்தியர் சிபாரிசும் தேவையில்லை. கேட்ட 72 மணி நேரத்துக்குள் சிகிச்சைப் பதிவுகளின் நகலை வைத்தியர் கொடுத்தாக வேண்டுமென்பது மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு விதி. எந்த மருந்து எத்தனை மணிக்கு யாரால் கொடுக்கப்பட்டது என்ற தாளையும் சேர்த்தே எழுத்துமூலம் கேளுங்கள். கட்டணம் பெறும் மருத்துவமனையின் கவனக்குறைவுக்கு நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருஷத்துக்குள் முறையிடலாம் என்பது, 1995-இல் சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த உரிமையின் வழி வருவது. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமில்லை. எவரிடமும் கட்டணம் வாங்காத அரசு மருத்துவமனை நுகர்வோர் சட்டத்துக்குள் வராதெனினும், அதன் ஊழியரின் அஜாக்கிரதைக்கு அரசே பொறுப்பென்று 1996-இல் அச்சுதராவ் வழக்கில் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது; முதலில் மருத்துவமனைக் கண்காணிப்பாளருக்கும் மாவட்ட இணை இயக்குநருக்கும் எழுத்தில் மனுக் கொடுத்து ரசீது பெற்றுக்கொள்ளுங்கள். வக்கீலுக்குப் பணமில்லையே என்று நின்றுவிட வேண்டாம். பெண்களுக்கும், இருளர் முதலிய பழங்குடியினருக்கும் வருமானம் பாராமலே இலவச சட்ட உதவி பெறும் உரிமையை 1987-ஆம் ஆண்டுச் சட்டம் வழங்குகிறது. அதற்கு 15100 என்ற எண்ணை அழைத்தால் போதும்.