நடவுக்குப் போகும் தோழர்களுக்கு

“சிறு விவசாயிக்குக் கை கொடுங்கள், வயலில் இறங்குங்கள்” என்ற குரல் நடவுக் காலம் வந்தால் நம் கிளைகளில் எழுகிறது. நல்ல குரல்தான். நாம் அதை வரவேற்கிறோம். ஒரு முடி நாற்றைக் கையில் பிடித்து, படம் எடுத்துக்கொண்டு, சேறு காய்வதற்குள் கரையேறிவிடும் பிரமுகர்களைப் பற்றி இங்கே பேச்சில்லை. உண்மையாகவே உழைக்கப் போகும் தோழர்களிடம் சொல்ல வேண்டிய செய்தி ஒன்று நம்மிடம் இருக்கிறது.

2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஒரு சாகுபடிதாரரின் சராசரி நிலம் முக்கால் ஹெக்டேர். அந்தச் சராசரியையும் எட்டாமல், மூன்று மாவை, அதாவது சுமார் ஓர் ஏக்கரை, நம்பிக் கிடக்கும் குடும்பங்கள் எத்தனை! மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறக்க வேண்டும் என்பது வழக்கம். 2024-இல் ஜூலை 28-இல்தான் திறந்தார்கள். கடைமடைக்குத் தண்ணீர் எட்டுவதற்குள் நாட்கள் ஓடுகின்றன. எட்டியதும் எல்லா வயலுக்கும் ஒரே வாரத்தில் ஆள் வேண்டும். மடியில் பணம் உள்ளவனுக்கு ஆள் கிடைக்கிறது. இல்லாதவனுடைய நாற்று நாற்றங்காலிலேயே முற்றுகிறது. மத்திய கால நெல்லுக்கு 25 முதல் 30 நாள் நாற்றை நடவேண்டும். நாள் கடந்தால் தூர் கட்டுவது குறையும். தூர் குறைந்தால் கதிர் ஏது? கதிர் குறைந்தால் கடனை அடைப்பது எப்படி?

ஆகவேதான் நாமும் போனோம். நாகை மாவட்டத்தில் ஒரு கடைமடை ஊர். சம்பா நடவு. எட்டுத் தோழர்கள், அதில் நால்வர் பணிமனையில் ஸ்பானர் பிடிப்பவர்கள். இறங்கியதும் ஆணி அடிப்பதைப் போல் நாற்றை அழுத்தினோம். விவசாயியின் மனைவி சிரித்துவிட்டார். “நடுங்க தம்பி, புதைக்காதீங்க” என்றார். இரண்டு மூன்று நாற்றாகப் பிரித்து, ஓர் அங்குல ஆழத்தில், மேலாக நிற்க வைக்க வேண்டுமாம். ஆழப் போனால் வேர் பிடிக்கவும் தூர் வெடிக்கவும் தாமதமாகும். முற்பகலுக்குள் இடுப்பு ஒடிந்தது. ஏக்கருக்குப் பத்துப் பதினைந்து பெண்கள் ஒரே நாளில் முடிக்கும் வேலையில், நாம் கால்வாசியைக்கூட முடிக்கவில்லை.

அப்போதுதான் வரப்பில் நின்ற நடவுப் பெண்களைக் கவனித்தோம். வாழ்த்த வந்திருக்கிறார்கள் என்று நினைத்தோம். மூத்தவர் ஒருவர் கேட்டார்: “தம்பிகளா, நீங்க சும்மா நட்டுக் குடுத்துட்டுப் போயிடுவீங்க. நாளைக்கு எங்க கூலிய யாரு குடுப்பா?”

நாம் வாயடைத்து நின்றோம். அது எந்த மண் என்பது நமக்குத் தெரியாதா? 1968-இல் கீழத்தஞ்சையில் கூலி உயர்வு கேட்டவர்களைப் பணியவைக்க, நிலச்சுவான்தார்கள் வெளியூர் ஆட்களை இறக்கி அறுவடை செய்தார்கள். பகை முற்றி, டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் குடிசையோடு எரிக்கப்பட்டன. அங்கே ‘வெளியாள்’ என்பது சாதாரணச் சொல் அல்ல. இன்று மேற்கு வங்கத்திலிருந்தும் தொழிலாளர்கள் குழுவாக வந்து நடுகிறார்கள்; இயந்திரமும் நடுகிறது. வயிற்றுக்காக வரும் அந்தத் தொழிலாளிமீது நமக்குப் பகையில்லை. ஆனால் கூலியே வாங்காமல் இறங்கிய நாம் யார்?

கரையேறி, வரப்பிலேயே உட்கார்ந்து பேசினோம். விவசாயியும் பேசினார், பெண்களும் பேசினார்கள். அவருக்கு இல்லாதது ஆள் அல்ல. அன்றைக்குக் கொடுக்கக் கையில் காசுதான் இல்லை என்பது அரைமணி நேரத்தில் விளங்கிவிட்டது. வட்டிக்காரரிடம் போக அவர் அஞ்சினார். கிளை நிதியிலிருந்து நடவுக் கூலியை வட்டியில்லாக் கைமாற்றாகக் கொடுப்பது, அறுவடை முடிந்ததும் அவர் திருப்பித் தருவது என்று முடிவாயிற்று. நடவு பெண்களுக்கு, ஊர்க் கூலியில் ஒரு ரூபாயும் குறையாமல்.

நமக்கு? நாற்றுப் பறித்து முடி போடுவது, சுமந்து வயலில் வீசுவது, வரப்பை வெட்டி அண்டை போடுவது. “அதுவும் கூலி வேலைதானே?” என்று ஒரு தோழர் கேட்டார். சரியான கேள்வி. அந்த வீட்டில் அவற்றைத் தகப்பனும் மகனுமே செய்துவந்தார்கள். யாருடைய கூலியும் போகவில்லை என்று பெண்களே சொன்ன பிறகுதான் மண்வெட்டியை எடுத்தோம்.

அடுத்த ஊருக்குப் போகிற தோழர்கள் விவசாயி வீட்டுக்குப் போகுமுன் நடவுப் பெண்களின் தெருவுக்குப் போங்கள். பணக்காரப் பண்ணை எதுவாயினும் வரப்பைக்கூட மிதிக்க வேண்டாம். அங்கே கூலி கொடுக்கப் பணம் இருக்கிறது.

அன்று மாலை மூன்று மாவும் நடவாகி முடிந்தது. பெண்கள் கால் கழுவிக் கரையேறுமுன் கூலி அவர்கள் கைக்கு வந்தது. கேள்வி கேட்ட அந்த மூத்தவர் எண்ணிப் பார்த்து முந்தானையில் முடிந்துகொண்டு, “நாளைக்கு மேலக்கரையில நடவு. முடி தூக்க நாலு பேரு வருவீங்களா?” என்று கேட்டார்.